இருமலில் தோற்ற தட்டுகள்

என்னிடம் இன்னும் பதினோரு இசைத்தட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் போட்டுக் கேட்கிற பெட்டிதான் இல்லை. அது எப்போதோ பழைய சாமான்காரனிடம் போய்விட்டது. ஒவ்வொரு தட்டின் அட்டை உறையிலும் வலது மூலையில் பென்சில் குறி ஒன்று இருக்கும். இரண்டில் டிக், ஒன்பதில் இன்டு. அந்த ஒன்பது இன்டுவையும் போட்டவன் நான். ஒன்பதும் என் மாமாவின் இருமலுக்காகப் போட்டவை.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். அறுபதுகளின் கடைசியில் கோலார் தங்க வயலில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. ஷிப்டுக்கு எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறி வந்தார்கள் என்று எழுதிவைப்பது என் வேலை. மாமா அப்படி இறங்கி ஏறுகிறவர்களில் ஒருவர். பாறையில் துளை போடும் மிஷின் பிடிக்கிற டிரில்லர். கம்பெனி வீட்டு வரிசைகளில் என் வீட்டுக்கு எதிர் லைனில் அவர் வீடு. நடுவில் ஒரு சந்து, அவ்வளவுதான். அக்கா மீன் வறுத்தால் எனக்கு இங்கே பசிக்கும்.

ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிய ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்திடமிருந்து நான் ரெக்கார்டு பிளேயர் வாங்கினேன். வாங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் ரேடியோ வைத்திருந்தவர்கள் உண்டு, கல்யாணத்துக்கு மைக் செட் கட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் ஓடும் லாங் பிளே தட்டு எங்கள் லைனில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் மூன்று பேர் வந்துவிடுவார்கள்: மாமா, பள்ளிக்கூடத்து வாத்தியார், சுரங்க ஷாப்டில் ஆட்கள் போய்வரும் இரும்புக் கூண்டை, கேஜை, ஏற்றி இறக்கும் எஞ்சின் டிரைவர்.

வருஷம் முழுக்க வாங்கிய தட்டுகளில் எது உருப்படி என்று டிசம்பரில் தீர்மானிப்போம். ஒரு பாட்டு நன்றாக இருந்தால் போதாது என்பது என் கட்சி. இரண்டு பக்கமும், முதலிலிருந்து கடைசிவரை, அலுக்காமல் கேட்க முடிகிறதா? அதுதான் பரீட்சை. அதற்கு நானே சட்டம் போட்டேன். சுரங்கத்தின் இரண்டு மணிச் சங்கு ஊதி ஓய்ந்ததும் முள்ளை வைப்பேன். பிறகு யாரும் பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, பீடி பற்றவைக்கக் கூடாது. எவனாவது அசைந்தால் அந்தத் தட்டுக்கு அவனைப் பிடித்துவைக்கத் தெரியவில்லை என்று அர்த்தம், தட்டு தோற்றது. எஞ்சின் டிரைவர் ஒருமுறை குறட்டை விட்டார். அது தோல்வியா, அல்லது மனுஷனை அவ்வளவு சுகமாகத் தாலாட்டியதற்கு வெற்றியா என்று ஒரு வாரம் சண்டை நடந்தது.

இருமலைப் பற்றிய விதியைச் சேர்த்தவர் வாத்தியார். "கச்சேரியில பாருங்க. பாட்டு உசுரோட இருந்தா ஒருத்தன் இரும மாட்டான். கொஞ்சம் தொய்ஞ்சுதுன்னா போதும், கூட்டமே இருமும்" என்றார். எங்களுக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. முதல் வருஷம் இருந்த இரண்டு தட்டுகளும் தேறின. நாதஸ்வரம் ஒன்று, புல்லாங்குழல் ஒன்று.

இரண்டாம் வருஷம் மாமா இரும ஆரம்பித்தார்.

முதல் தட்டில் ஏழெட்டு நிமிஷத்திலேயே வந்துவிட்டது. நான் முள்ளைத் தூக்கினேன். "இன்னா மாமா, நல்லா இல்லியா?" என்று கேட்டேன். அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "சுமார் தான் மச்சான். இழுவையா கீது" என்றார். அடுத்த தட்டிலும் அப்படியே. அந்த டிசம்பரில் ஒன்றுகூடத் தேறவில்லை. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? அவர் காதை மெச்சினோம்! "மாமாகிட்ட பாஸ் வாங்கறது மேனேஜர்கிட்ட லீவு வாங்கற மாதிரி" என்று எஞ்சின் டிரைவர் கிண்டல் செய்ய, மாமாவும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பின் வாலிலும் இருமல் இருந்தது.

தெரியாமல் இருந்தோம் என்று சொன்னால் அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. என் அப்பாவும் சுரங்கத்தில் மிஷின் பிடித்தவர். அவரைக் கொண்டுபோனதும் நெஞ்சில் படிந்த பாறைத் தூசிதான். அந்த இருமல் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவன் நான், அக்காவும் அப்படித்தான். வயலினுக்குப் பின்னால் தம்பூரா அரை இழை இறங்கினால் முகம் சுளிக்கிற எனக்கு, பக்கத்து நாற்காலியில் இருந்த நெஞ்சு மட்டும் கேட்கவில்லையாம். கேட்டது. பீடி இருமல் என்று பெயர் வைத்துக்கொண்டேன். பெயர் வைத்தால் பயம் கொஞ்சம் குறைகிறது. தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டிலிருந்து காற்று வீசுகிற நாளில், தட்டில் தூசி படக் கூடாது என்று சன்னலைச் சாத்திவிட்டு மல்துணியால் அதைத் துடைத்துக்கொண்டிருப்பேன். தட்டுக்கு அவ்வளவு பார்த்தேன்.

மாமா ஏன் மறைத்தார் என்பதும் எனக்குத் தெரியும். எக்ஸ்ரேயில் தூசி தெரிந்தால் கீழே இறங்க விடமாட்டார்கள். மேலே ஏதாவது கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுப்பார்கள். அதைக்கூட அவர் தாங்கியிருப்பார். அப்பாவின் கடைசி வருஷத்தை அக்கா இன்னொரு தடவை பார்க்க வேண்டுமே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அதனால் வீட்டில் அடக்குவார். அடக்கியது எங்கேயாவது வெளியே வந்துதானே ஆகவேண்டும்? என் வீட்டில், என் தட்டுகளின்மேல் பழியைப் போட்டு, இருமிவிட்டுப் போனார்.

மூன்றாம் வருஷம் அவரே ஒரு தட்டு வாங்கி வந்தார். வீணை. ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், வளைந்துவிடும் என்று மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். வருஷம் முழுக்க அதன் முதல் பக்கத்தைத்தான் கேட்டோம். "ரெண்டாம் பக்கம் டிசம்பருக்கு இருக்கட்டும். புதுசா கேக்கணும்" என்று சொல்லிவிட்டார். இது தேறும், தேறியே ஆகவேண்டும் என்று குழந்தை மாதிரி ஆசைப்பட்டார்.

அந்த ஞாயிறு அவர் துண்டைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பக்கம் முடிந்தது. ஒரு சத்தம் இல்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது. தட்டைத் திருப்பிப் போட்டேன். அதிலும் பாதிக்கு மேல் போய்விட்டது. கடைசி உருப்படி ஆரம்பித்தது, மிகவும் நிதானமான ஒன்று. ஒரு மீட்டலுக்கும் அடுத்த மீட்டலுக்கும் நடுவில் நல்ல இடைவெளி. அந்த இடைவெளியில்தான் உடைந்தது. துண்டை வாயில் திணித்துக்கொண்டும் நிற்கவில்லை. முதுகு குலுங்கக் குலுங்க இருமினார்.

எனக்கு முன்கோபம். இன்றும் அது போகவில்லை. முள்ளைத் தூக்கிவிட்டு, "நீங்களே வாங்கியாந்த தட்டு மாமா. அதையுமா கெடுக்கணும்? கேக்க இஷ்டம் இல்லன்னா வராதீங்க. எங்களையாவது வுடுங்க" என்று கத்தினேன். வாத்தியார் தரையைப் பார்த்தார். மாமாவுக்கு மூச்சு திரும்ப நேரமாயிற்று. பிறகு சொன்னார்: "இன்னா பண்றது மச்சான்... கடைசில கொஞ்சம் போர் அடிச்சிட்சி."

அவர் உயிராய் நினைத்த தட்டு. அதன்மேலும் பழியைப் போட்டுவிட்டார். நான் பென்சிலை எடுத்து அவர் கண்ணெதிரே இன்டு போட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. சந்தைத் தாண்ட எத்தனை அடி? பத்து அடி இருக்குமா? என் ரோஷத்துக்கு அது பத்து மைல். பொங்கல் கழிந்து, ஒருநாள் ஷிப்டு நடுவில் அவரைக் கேஜில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஏறி வந்தவர்களின் நோட்டில் அவர் நம்பரை நான்தான் எழுதினேன். அன்று ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு மறைக்க எதுவும் இல்லை.

வெயில் காலத்தில் அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு ஞாயிறு வெட்கத்தை விட்டுப் பிளேயரைத் தூக்கிக்கொண்டு சந்தைத் தாண்டினேன். பல்பு ஹோல்டரிலிருந்து வயர் இழுத்து, வீணைத் தட்டைப் போட்டேன். "ரூல்ஸ் இன்னா ஆச்சு?" என்றார். "ரூல்ஸ் கெடக்குது மாமா, நல்லா இருமுங்க" என்றேன். சிரித்தார். முதல் பக்கம் முழுக்க இருமிக்கொண்டே கேட்டார். இரண்டாம் பக்கத்தில் இருமல் மெல்ல அடங்கியது. கடைசி உருப்படிக்குக் கொஞ்சம் முன்னால் தூங்கிவிட்டார். பல நாளாகத் தூங்காத மனிதர் என்று அக்கா சைகை காட்டினாள். நான் முள்ளைத் தூக்கிவிட்டேன். மீதியை அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவர் இல்லை.

அந்த டிசம்பரில் கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். வாத்தியாரும் எஞ்சின் டிரைவரும் தாமாகவே வந்து உட்கார்ந்தார்கள். புதுத் தட்டு எதுவும் வாங்கியிருக்கவில்லை. வீணையை எடுத்தேன். அக்கா அதுவரை எங்கள் ஞாயிறுகளுக்கு வந்ததே இல்லை. அன்று வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். மாமாவின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. இரண்டு மணிச் சங்கு ஊதியது. முள்ளை வைத்தேன்.

முதல் பக்கம். இரண்டாம் பக்கம். கடைசி உருப்படி, அந்த நிதானமான மீட்டல், அந்த இடைவெளிகள். முதல் முறையாக அதன் முடிவு வரைக்கும் கேட்டேன். ஒருவரும் அசையவில்லை. தட்டு முடிந்து, முள் உள்வட்டத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. எஞ்சின் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேறிட்ச்சு. அந்த இன்டுவ அழிச்சிட்டு டிக் போடுப்பா" என்றார். நான் உறையையும் பென்சிலையும் கையில் எடுத்தேன்.

அக்கா வாசற்படியிலிருந்து சொன்னாள்: "எதிர் வூட்டுல உக்காந்து ரெண்டு வருஷமா கேட்டவ நானு. அவுரு இங்க வந்து இருமறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சினு இருந்தாரு. இருமல் இல்லாம இந்தப் பாட்ட நான் கேட்டதே இல்லடா. நல்லாவே இல்ல."

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அந்த உறையில் இன்டு அப்படியே இருக்கிறது.