ஆறு பேர் நின்ற பலகை

நுவரெலியா பஸ் நிலையத்துக்குக் கீழே பைஸரின் படக்கடையில் அழகன் பதினான்கு வருடமாகச் சட்டம் அடிக்கிறான். கல்யாணப் படம், செத்தவர் படம், சாமி படம், எது வந்தாலும் அளவெடுத்து, மரத்தின் மூலையைச் சாய்த்து அறுத்து, கண்ணாடி வெட்டி, பின்பலகை வைத்து ஆணி அடித்துக் கொடுப்பான். காலையில் ராகலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குத் திரும்புவான். அதிகம் பேசமாட்டான். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. யாராவது கேட்டால், "கண்ணாடி வெட்டுனதுங்க" என்பான். அது பொய் என்று பைஸருக்குத் தெரியும். அவர் மேற்கொண்டு கேட்டதில்லை.

இரண்டாயிரத்து ஏழில் அழகனுக்கு இருபத்தொன்பது வயது. அவனும் லயத்து அறைகளில் பக்கத்துக் காம்பராவின் செல்லசாமியும் கொழும்பில் ஒரே பலசரக்குக் கடையில் மூட்டை தூக்கினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெட்டப் போகும் வழியில் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். வரிசையில் மொத்தம் ஆறு பேர். ஆறு பேருமே தமிழர்கள். அடையாள அட்டையில் தோட்டத்து விலாசம் இருந்தது. கொழும்பில் தங்கியிருப்பதற்கான கடிதத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இரண்டு வாகனங்கள் வந்தன. முதலாவதில் அழகனை ஏற்றினார்கள், இரண்டாவதில் செல்லசாமியை.

அழகன் இருபத்திரண்டு மாதம் உள்ளே இருந்தான். வழக்கு எதுவும் போடவில்லை. ஒருநாள் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, போகச் சொன்னார்கள். செல்லசாமியைப் பிடித்ததாக எந்தப் பதிவுப் புத்தகத்திலும் பெயர் இல்லை. வரிசையில் அவன் நின்றதைக் கண்ட சாட்சி, லயத்தில் அழகன் ஒருவன்தான். செல்லசாமியின் அம்மா வேலாயி அவனிடம் கேட்காத கேள்வி இல்லை. என்ன சட்டை போட்டிருந்தான், சாப்பிட்டிருந்தானா, வண்டியில் ஏறும்போது என்ன சொன்னான். எந்த வண்டி என்றபோது மட்டும் பார்க்கவில்லை என்றான். சிவப்புக் கட்டம் போட்ட சட்டை என்று அழகன் சொன்னான். அதையே எழுதிக்கொண்டு வேலாயி போகாத அரசாங்கக் கந்தோர் இல்லை.

போன வருடம் பைஸர் ஒரு விஷயத்தைச் சொன்னார்.

"அழகன், ஒரு ஓடர் ஈக்கிது. ரிட்டயர்ட் மேஜர் ஒருத்தர், அபேகோன்னு பேரு. பொம்மைச் சிப்பாய் சேர்க்கிற ஆளு. அதுகள நிக்க வைக்கிறதுக்குப் பலகை வேணுமாம். மலை, ரோடு, மரமெல்லாம் வச்சு. ஏலுமா ஒங்களுக்கு?"

"சட்டம் மாதிரிதானே மொதலாளி. செய்யலாம்."

மேஜரின் வீடு ஏரிக்கு மேலே சரிவில் இருந்தது. ஒரு அறை முழுக்கக் கண்ணாடி அலமாரி. இரண்டு அங்குல உயரத்தில் ஈயச் சிப்பாய்கள், எல்லாத் தேசத்தார், எல்லாக் காலத்து உடுப்பும். அவர் அழகனை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். இருவரும் சிங்களத்தில் பேசினார்கள். உள்ளே இருந்த காலத்தில் அழகனுக்குச் சிங்களம் நன்றாகவே வந்துவிட்டது.

"ஒரே காட்சியைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சு" என்றார் மேஜர். "எட்டுப் பலகை வேணும். ஒவ்வொண்ணும் ஒரு அடி. எப்படி மாத்தி வச்சாலும் பொருந்தணும். மரம், சுவர், வீடு எல்லாம் கழட்டிப் பூட்டுற மாதிரி. இன்னைக்கு இந்தப் பட்டாளத்தை வைப்பேன், நாளைக்கு வேற."

கடைசியாக, "ஒரு பலகையில நம்ம ஊர் செக் பொயின்ட் ஒண்ணு செய். நீ பார்த்திருப்பாய்தானே" என்றார்.

"பார்த்திருக்கேன் சார்" என்றான் அழகன்.

வேலை அவனைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு பலகையிலும் பாதையை நான்கு ஓரத்திலும் சரியாக நடுவில் வந்து முடியும்படி போட்டான். அப்படிச் செய்தால் எந்த ஓரத்தை எந்த ஓரத்தோடு சேர்த்தாலும் பாதை அறாமல் ஓடும். அந்த யோசனையை யாரும் சொல்லித்தரவில்லை. ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையைச் சூட்டுக் கம்பியால் வெட்டி மேடுகள் செய்தான். கொதிக்க வைத்த தேயிலைச் சக்கையைக் காயவைத்துப் பசையில் குழைத்துப் பூசினால் அசல் மண். கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளில் முறுக்கும் முடிச்சுமாக இருப்பவற்றைப் பொறுக்கி மரமாக்கினான். எல்லாவற்றின் அடியிலும் மூங்கில் முளை. பலகை முழுக்க ஓட்டைகள். பிடுங்கி வேறு ஓட்டையில் நடலாம். கழற்றினால் ஓட்டை தெரியாமலிருக்க மூடிகளும் செய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் காம்பரா வாசலில் அவன் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஏங்க, புள்ளைங்க இருந்தா வெளையாடவாச்சும் குடுக்கலாம்" என்று மனைவி சண்முகவடிவு சொல்வாள். கல்யாணம் பிந்தியதில் அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

எட்டாவது பலகையை அவன் வேறு மாதிரிச் செய்தான். மண்மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அடுக்கினான். மருந்துக் குப்பி மூடிகள் தார்ப் பீப்பாய்கள் ஆயின. தகரக் கூரை, குறுக்குக் கட்டை, கூரையில் கவிழ்த்த, சிப்பாய் உட்காரும் பிளாஸ்டிக் கதிரை, எதுவும் விடுபடவில்லை. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. ஆனால் கம்பியை வளைத்து, களிமண் பூசி, யாரும் கேட்காத ஆறு மனிதர்களைச் செய்து கட்டைக்கு முன்னால் வரிசையில் நிறுத்தினான். மூன்றாவது ஆளுக்குச் சிவப்புக் கட்டம் போட்ட சட்டை. அந்த ஆறு பேருக்கு மட்டும் அவன் முளை வைக்கவில்லை. காலோடு சேர்த்து ஒட்டிவிட்டான்.

வண்ணம் காய வாசலில் வைத்திருந்தபோது வேலாயி வந்தாள். எழுபதைத் தாண்டியவள், கண் மட்டும் மங்கவில்லை. குனிந்து பார்த்தவள் அப்படியே குந்திவிட்டாள்.

"இது அவன்தானே?"

அழகன் தலையாட்டினான்.

"கழுத்தச் சாச்சுத்தான் நிப்பான். நல்லாத்தான் செஞ்சிருக்க." விரலை நீட்டினாள், தொடவில்லை. "இவன அதுல இருந்து எடுத்துரு தம்பி. எனக்குக் குடு."

"ஒட்டிட்டேன் பெரியம்மா. எடுத்தா கால் ஒடஞ்சிரும்."

"ஒடஞ்சாலும் பரவால்ல. நொண்டிக்கிட்டாச்சும் வரட்டும்."

"இல்ல பெரியம்மா. அந்த ஆளு இத ஒருவாட்டி பாக்கணும்."

"எந்த ஆளு?"

"கேட்ட ஆளு."

 வேலாயி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மேஜர் ஏழு பலகைகளையும் மேசையில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக் குழந்தைபோலச் சந்தோஷப்பட்டார். எட்டாவதை அழகன் கடைசியாக வைத்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் மேல் குனிந்தார்.

"கூரையில கதிரை! அது எப்படித் தெரியும் உனக்கு?"

"வரிசையில நின்னா அதுதான் சார் தெரியும். கொழும்புல என்னைப் பிடிச்ச இடம் இது. ரெண்டு வருசம் உள்ள இருந்தேன். இந்த மூணாவது ஆள் என் கூட்டாளி. அவன் வரவே இல்ல."

இந்த வாக்கியங்களை அவன் மாதக் கணக்கில் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தான். சொன்னால் அந்த அறையில் ஏதாவது நடக்கும் என்று நினைத்திருந்தான். மேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் முகத்தில் கோபமில்லை, உண்மையில் கொஞ்சம் வருத்தம்தான் இருந்தது.

"அது ஒரு காலம். நாங்களும் அப்ப நிம்மதியா இருக்கல்ல" என்றார். பிறகு சிவப்புச் சட்டைக்காரனை விரலால் மெல்ல அசைத்துப் பார்த்தார். "இவங்க கழறமாட்டாங்களா?"

"இல்ல சார்."

"சரி, பரவாயில்ல" என்று சொல்லி, அவனுக்கு இன்னொரு தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது அழகனுக்கு நெஞ்சு லேசாக இருக்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. கேட்டவர் சீனி போதுமா என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துக் கடையில் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தபோது பைஸர் போனை நீட்டினார். மேஜர் வட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். எட்டுப் பலகைகளும் ஒன்று சேர்ந்து அலமாரி விளக்கில் மின்னின. சோதனைச் சாவடிக்கு முன்னால் ஒரு கவச வண்டி நின்றது. ஆறு பேரையும் காணவில்லை. அவர்கள் நின்ற இடத்தில் வெட்டிய தடத்தின் மேல் பச்சைத் தூள் தூவியிருந்தது. கீழே எழுதியிருந்தார்: 'அருமையான வேலை. உன் ஆட்கள் சிப்பாய்களைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தார்கள், அளவு பொருந்தவில்லை. எடுத்துவிட்டேன். தவறாக நினைக்காதே.'

பைஸர் படத்தைப் பார்த்தார், அழகனைப் பார்த்தார். "என்ன மனுசன்டா இவன்" என்று மட்டும் சொன்னார். மேஜர் அவருக்கு நல்ல வாடிக்கையாளர்.

அழகன் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஏரிக்கு மேலே ஏறிப் போனான். மேஜர் தோட்டத்தில் ரோஜாவுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார்.

"சார், வெட்டி எடுத்த ஆட்கள் இருந்தா குடுங்க. ஒண்ணு மட்டும் போதும்."

"அடடா, முன்னாடியே சொல்லியிருக்கலாமே. வேலைக்காரி கூட்டிக் குப்பையில போட்டிருப்பா. மாநகர சபை லொறி செவ்வாய்க்கிழமை வந்துட்டுப் போச்சு." அவர் உண்மையாகவே சங்கடப்பட்டார். "உனக்குத்தான் செய்யத் தெரியுமே. இன்னொண்ணு செஞ்சுக்கோ."

அழகன் செய்தும் பார்த்தான். அதே கம்பி, அதே களி, அதே சிவப்பு. கழுத்துச் சாய்வு மட்டும் வரவில்லை. ஒன்றில் அதிகம், ஒன்றில் போதவில்லை. நான்காவதை எடுத்துக்கொண்டு வேலாயியின் காம்பராவுக்குப் போனான். அவள் அதை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"இது அவன் இல்ல. அது எங்க?"

பொய் சொல்லலாம் என்றுதான் வந்திருந்தான். வாயில் வரவில்லை.

"வெட்டிட்டாங்க பெரியம்மா. தூக்கிப் போட்டுட்டாங்க."

வேலாயி அழவில்லை. பொம்மையைத் திருப்பி அவன் கையில் வைத்து, மடங்காத விரல்களை மற்ற விரல்களோடு சேர்த்து மூடினாள்.

"எந்த வண்டியில ஏத்துனாங்கன்னு கேட்டப்ப, நீ பாக்கலன்னு சொன்ன. சரின்னு விட்டேன். பயத்துல இருந்திருப்ப. இத நான் கையில குடுன்னு கேட்டேன் அழகா. வாசல்ல வச்சுக் கேட்டேன். நீயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்திருக்க."

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. குழாயடியில் எதிரே வந்தால் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவன் போகும்வரை காத்திருப்பாள். சண்முகவடிவு இரண்டு தரம் சமாதானம் பேசப் போய்த் திரும்பி வந்தாள்.

பலகை வேலை நிற்கவில்லை. மேஜரின் படங்களைப் பார்த்துக் கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கேட்கிறார்கள். பாதையும் மேடும் மரமும் செய்து கொடுக்கிறான். போன மாதம் ஒருவர் சந்தைக் காட்சி கேட்டார்; பத்துப் பன்னிரண்டு சனம் நடமாடுகிற மாதிரி வேண்டும் என்றார்.

"ஆள் செய்யமாட்டேன்னு சொல்லிருங்க மொதலாளி" என்றான் அழகன்.

"நல்லாச் செய்வீங்கதானே. ஏன்?"

"வெறும் சந்தையாத் தாரேன். வேணும்னா அவங்களே வாங்கி வச்சுக்கட்டும்."

பைஸர் அதையே எழுதி அனுப்பினார். அந்த ஆள் சம்மதித்துவிட்டார்.