மூடிய கடலும் குளியல் வண்டியும்

கடலோர ஊரான ஷியோசேயின் நகராட்சி வளர்ச்சித் துறையில் இசொகாய் வேலைக்குச் சேர்ந்தபோது நாடே இனிமையான காய்ச்சலில் கிடந்தது. எங்கு பார்த்தாலும் ஆலை, சாலை, துறைமுகம். விரிகுடாவை மண் கொட்டி மூடி ரசாயன ஆலை கட்ட, மீனவர்களிடம் சம்மதம் வாங்குவது அவர் வேலை. வீடு வீடாகப் போய் வரைபடத்தை விரிப்பார். பிள்ளைகள் மாதச் சம்பளம் வாங்குவார்கள் என்பார். அதை அவரும் நம்பினார்.

கடைசியாகச் சம்மதப் பத்திரத்தில் தன் முத்திரையை வைத்தவர் மீனவர் கின்ஸோ. வைத்துவிட்டு, "கடலை மூடிட்டா அலையெல்லாம் எங்கடா போகும்?" என்று கேட்டார். இசொகாய் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஆலை வந்தது. சம்பளம் வந்தது, தொலைக்காட்சி வந்தது, பிள்ளைகளுக்கு இருமலும் வந்தது. மூடிய கடல்மேல் போட்ட புதுத் தார்ச்சாலையில் சைக்கிள் மிதிக்கும்போது, சில மாலைகளில் சக்கரத்துக்கு அடியில் தண்ணீர் அசைவதுபோல இசொகாய்க்குத் தோன்றும். இறங்கிக் காலை ஊன்றிப் பார்ப்பார். சாலை கெட்டியாகத்தான் இருக்கும்.

பிறகு, ஆலைப் புகையை எதிர்த்துப் பேசிய ஒருவர் மேயரானார். முதியவர்களுக்கு வைத்தியம் இலவசம் என்று அரசாங்கமும் அறிவித்தது. வளர்ச்சித் துறையில் பாதிப்பேரை முதியோர் நலத்துக்கு மாற்றினார்கள். இசொகாய்க்குக் கிடைத்தது குளியல் வண்டி. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களின் வீட்டுக்குத் தொட்டியும் வெந்நீரும் கொண்டுபோகும் சின்ன லாரி அது.

"கடலையே மூடுன கை, இனிமே முதுகு தேய்க்கப் போகுதுடோய்!" என்று சகாக்கள் சிரித்தார்கள். அவருக்கு முகம் சுண்டிப்போனது.

முதல் வாரமே கின்ஸோவின் வீடு. அவருக்குப் பக்கவாதம் வந்து ஒருபக்கம் விழுந்துவிட்டது. மருமகள் யாசுனோதான் பார்த்துக்கொண்டாள்.

"யாரு, அந்த வரைபடக்காரனா? இன்னும் எதைடா பிடுங்க வந்தே?"

"இன்னிக்கு உங்க சட்டையை மட்டும்தான் பெரியவரே."

யாசுனோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிழவருக்கும் உதடு கோணியது.

வெந்நீரில் இறக்கியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆவி அறையை நிறைத்தது. சுவர் மறைந்தது, கூரை மறைந்தது.

"இடப்பக்கம் திருப்புடா. பாறை இருக்கு."

இசொகாய் தொட்டியின் விளிம்பைப் பிடித்து மெல்ல அசைத்தார். "திருப்பியாச்சு."

"ம்... இப்ப விடு. நீரோட்டம் பார்த்துக்கும்."

அப்புறம் ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். ஒருநாள் நண்டுத்துறை வரை போனார்கள், ஒருநாள் கலங்கரை விளக்கத்தைத் தாண்டினார்கள். தானே மூடவைத்த கடலை இசொகாய் அந்த ஆவிக்குள்தான் முழுசாகத் தெரிந்துகொண்டார்.

எண்பதுகளில் காற்று மறுபடி திசை மாறியது. இலவச வைத்தியம் நின்றது. வீட்டுப் பெரியவர்களை வீட்டார்தான் பார்க்கவேண்டும் என்றார் அடுத்த மேயர். மருமகள் இருக்கும் வீட்டுக்கு வண்டி கிடையாது என்று உத்தரவு. இசொகாய் நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து, "மருமகளுக்கும் ஒரு முதுகுதானே சார் இருக்கு?" என்று கேட்டார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

செய்தியைச் சொல்ல அவரே போனார்.

"கெட்ட சேதின்னா உங்களைத்தான் அனுப்புவாங்களா?" என்றாள் யாசுனோ. கோபம்கூட இல்லை, களைப்புதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இசொகாய், ஊரார் காசு கொடுத்துக் குளிக்கும் பொதுக்குளியல் கடைக்காரரிடம் போய், ஞாயிறுதோறும் கடை திறப்பதற்கு முன்னால் ஒரு மணிநேரம் கேட்டார். கடைக்காரர் முனகிவிட்டுச் சாவியைக் கொடுத்தார். மூன்று பழைய மீனவர்களுடன் சேர்ந்து கின்ஸோவைத் தூக்கிவந்தார். பெரிய தொட்டியில் மிதந்தபடி கிழவர், "அடேயப்பா, ஆழ்கடலுக்கே வந்துட்டோமே!" என்றார்.

இரண்டு இலையுதிர்காலம் அப்படிப் போனது. அதன்பிறகு ஒரு விடியலில் கின்ஸோ உறக்கத்திலேயே போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு இசொகாய் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். வாசலில் யாசுனோ சட்டைக்கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றிருந்தாள். தள்ளுவண்டியில், போர்வைக்குள், பக்கத்துத் தெரு மூதாட்டி ஒருத்தி.

"கதவைத் திறங்க இசொகாய் அண்ணே," என்றாள். "இவங்களுக்குக் குளிருது."