பூமயில் உருட்டிய டாண்டலம்

ராமநாதபுரம் கேணிக்கரையில் தட்டார்களுக்கு வெள்ளித் தகடு உருட்டிக் கொடுத்தவர் பூமயில். கணவர் போன பிறகு தகடு உருட்டும் கை மிஷினை அவரே சுற்றினார். அதன் எஃகு உருளைகளில் மயிரிழைக் கீறல் விழுந்தாலும் வேலையை நிறுத்திவிட்டுத் தேய்க்க உட்கார்ந்துவிடுவார். அவர் தகட்டின் பளபளப்பு தேவிபட்டினம் வரை பேச்சாயிருந்தது.

அதைக் கேட்டுத்தான் 1963இல் அப்துல் ஹமீது வந்தார். தேவிபட்டினத்துக்காரர், வெளியூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. கைக்குட்டையில் பொதிந்து வந்த சாம்பல் நிறத் துண்டைக் கையில் வாங்கிய பூமயில் திகைத்தார். கட்டைவிரல் நகமளவுதான், ஆனால் ஈயத்தைவிடக் கனம்.

“டாண்டலம்னு ஒரு உலோகம்க்கா. கலப்பே இல்லாதது. இத காகிதத்தவிட மெல்லிசா உருட்டணும். சீமைத் தகடு வந்து சேரல, பரிசோதனை நிக்குது.”

“எத்தன தடவ காய்ச்சணும் தம்பி?”

“தீயே காட்டக்கூடாது. சூடானா காத்த உறிஞ்சி, ஓடு மாதிரி ஒடஞ்சிரும்.”

வெள்ளியை நாலைந்து தடவை உருட்டினால் தீயில் காய்ச்சி இளக்கியாக வேண்டும். இல்லையென்றால் ஓரம் வெடிக்கும். பூமயில் உருளைகளை ஸ்பிரிட்டால் துடைத்து, அரைமனதோடு துண்டை உள்ளே விட்டார். ஐந்தாவது தடவை தாண்டியது. பத்தும் தாண்டியது. வெடிக்கவில்லை, பிசைந்த மாவாக நீண்டுகொண்டே போனது. அவருக்குத் தோள்வலியே தெரியவில்லை.

“இப்படி ஒரு உலோகத்த நான் பார்த்ததே இல்ல தம்பி.”

பிறகு நீள்வது நின்றுபோனது. உருளைகளை நெருக்கும் திருகாணியை முழுக்க இறுக்கியும் தகடு மெலியவில்லை. ஹமீது மைக்ரோமீட்டரில் அளந்தார்.

“இன்னும் பாதியாகணுமே.”

பூமயில் தகட்டையே பார்த்தார். “ரெண்டா வெட்டி, ஒண்ணு மேல ஒண்ணு வச்சு விடுவோம், கனம் கூடுனா உருளைக்குப் பிடி கிடைக்கும். நடுவுல எண்ணெய் தடவுனா ஒட்டாது.”

“எண்ணெய் அழுக்காச்சே.”

“கடைசியில கழுவ முடியாதா?”

“முடியும்க்கா. விடுங்க.”

ஏழு சுற்று. நகத்தால் பிரித்ததும் இரண்டு தகடுகளும் வாசல் காற்றில் படபடத்தன. ஹமீது மூன்று இடங்களில் அளந்தார், மைக்ரோமீட்டரை அவரிடமே நீட்டினார். கேட்டதைவிட மெல்லிசு. பூமயில் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பட்டறைக் கூத்தையா எழுந்து வந்து பார்த்தார்.

பரிசோதனை பலித்தது என்று ஹமீதிடமிருந்து கடிதம் வந்தது. அதற்குப் பின் உருட்டுவதற்கு வேறு உலோகங்களும் வந்தன: நியோபியம் வந்தது, மாலிப்டினம் வந்தது. மாலிப்டினம் முதல் சுற்றிலேயே வெடித்தது.

“அது வேற குணம், சூடு கேக்குது,” என்று கூத்தையாவிடம் சொல்லிவிட்டு, பூமயில் அடுப்பில் கரியைப் போட்டு ஊதத் தொடங்கினார்.