வேலை முடிந்தபின் இரண்டு நாள் கடல்

என் வீட்டுக்காரர் முதன்முதலாகக் கடலைப் பார்த்ததும் சொன்னது இதுதான்: “இன்னாமா இது, எங்கதான் முடியுது?” கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, நெரிசலில் வழி தேடுகிறவர்போல் கண்ணைச் சுருக்கி இடமும் வலமும் பார்த்தார். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. பெங்களூரில் அவருடைய ஆட்டோ நுழையாத சந்து கிடையாது. எனக்கும் கடல் புதிதுதான். ஆனால் நான் கடலைவிட அவரைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஆஸ்டின் டவுனில் இரண்டே அறையில் நாங்கள், பிள்ளைகள் இருவர், அவருடைய தம்பி குடும்பம் என்று எல்லோரும் இருந்தோம். நான் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் சட்டைக் காலர் தைக்கச் சேர்ந்து, லைன் சூப்பர்வைசர்வரை வந்திருந்தேன். மங்களூரில் புதிதாகத் திறந்த யூனிட்டில் பெண்களுக்கு மூன்று நாள் வேலை சொல்லிக்கொடுக்க என்னை அனுப்ப முடிவு செய்தார்கள். கூடவே மேனேஜர் ஒரு கடிதமும் கொடுத்தார். ஃப்ளோர் முழுவதற்கும் இன்சார்ஜ் ஆக்குகிறோம், இனி அடிக்கடி வெளியூர் போகவேண்டியிருக்கும், மங்களூரிலிருந்து திரும்பியதும் திங்கட்கிழமை பதில் வேண்டும் என்று அதில் இருந்தது. வீட்டில் காட்டினேன். அவர் சாப்பிட்டுக் கை கழுவினார். பிறகு, “வூட்ட வுட்டுட்டு ஊர் ஊரா சுத்துற வேல நமக்கு எதுக்குமா?” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை, சரி என்று தலையாட்டவும் இல்லை. எங்கள் பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அதுதான் பெரிய சண்டை. கடைசியில், மங்களூர் மட்டும் போகலாம், ஆனால் தானும் கூட வருவேன் என்றார். வெள்ளியோடு வேலை முடிகிறது, சனி ஞாயிறு கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். பிள்ளைகளைத் தம்பி மனைவி பார்த்துக்கொண்டாள்.

மங்களூரில் காலையில் நான் கிளம்பிப் போய்விட்டால் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. சின்ன வயதிலிருந்து ஒரு நாளும் சும்மா இருந்தறியாத மனிதர். முதல் நாள் முழுக்க லாட்ஜ் வாசலில் நின்ற ஆட்டோக்காரர்களோடு பேசியே பொழுதைப் போக்கினார். இரண்டாம் நாள் நான் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போனேன். அதை எடுத்துக்கொண்டு வந்தவர் கதவருகிலேயே நின்றுவிட்டார். என்னைச் சுற்றி நாற்பது பெண்கள். காலர் முனையைக் கோணாமல் திருப்புவது எப்படி என்று நான் கன்னடத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து தப்புத் தப்பாகத் தைத்த ஒரு பெண்ணுக்குத் திடீரென்று அது சரியாக வந்தது. எல்லோரும் “மேடம், மேடம்!” என்று கூவிக் கை தட்டினார்கள். அப்போதுதான் அவரைப் பார்த்தேன். நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு, கண்ணாடியை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை பணம்பூர் கடற்கரைக்குப் போனோம். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். “வாங்க” என்று கூப்பிட்டால், “நீ போமா, நான் செருப்பப் பாத்துக்கறேன்” என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரிய அலை வந்து இரண்டு ஜோடிச் செருப்பையும் வாரிக்கொண்டு போனது. ஐயோ என்று துரத்தியவர் அடுத்த அலையில் குப்புற விழுந்தார். பதறிப்போய் ஓடினேன். தலைமுடியெல்லாம் மணலாக எழுந்து உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். வீட்டில் அத்தனை பேருக்கு நடுவே அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. நானும் பக்கத்தில் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: “அன்னிக்கி அந்தப் பொண்ணுங்க உன்ன மேடம் மேடம்னாங்க இல்ல? பெருமையாத்தான் இருந்துச்சு. அப்பறம் பயமாயிடுச்சு.”

“இன்னா பயம்?”

“நீ பாட்டுக்கு மேல மேல போயிடுவ. அப்பறம் நான் எதுக்கு உனக்கு?”

“நான் கண்ணாடிய மறந்துட்டுப் போனா யாருங்க எடுத்துனு வருவா?” என்றேன். என் முகத்தையே பார்த்தார். அப்புறம் உள்ளங்கையால் தண்ணீரை என்மேல் அடித்துவிட்டு, “திங்கக்கெழம சரின்னு எழுதிக் குடுத்துடு” என்றார்.

வெறுங்காலோடு ஓட்டலுக்குப் போய் மீன் வறுவல் சாப்பிட்டோம். சுடுமணலில் அவர் குதித்துக் குதித்து நடந்ததைப் பார்த்து வழியில் போனவர்களும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் என்னை எழுப்பி அழைத்துப் போனவர் அவர்தான். இடுப்பளவு தண்ணீர்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு போனார்.

இன்சார்ஜ் ஆனபிறகு ஹாசன், தும்கூர், மைசூர் என்று எத்தனையோ ஊர் போனேன். ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும், “அங்க கடல் இருக்கா?” என்று ஆசையாகக் கேட்பார். எங்கள் கம்பெனி அதற்குப்பிறகு கடலோரம் யூனிட்டே திறக்கவில்லை. இப்போது நான் ஓய்வு பெற்றாயிற்று, அவரும் ஆட்டோவை விற்றாயிற்று. போன மாதம் டீ குடித்துக்கொண்டே, “உன்ன மறுபடியும் மங்களூருக்கு டிரெய்னிங் குடுக்கக் கூப்புட மாட்டாங்களாமா?” என்றார்.

“வேல இல்லாமலே போலாங்க” என்றேன்.

இத்தனை வருஷமும் அது அவருக்குத் தோன்றவே இல்லை போலிருக்கிறது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, பரண்மேல் இருந்த பையை எடுக்க எழுந்துவிட்டார்.