ஜீப் வரும்வரை காத்திருந்த பொன்னாடை

சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு மதுரை ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறினேன். டிக்கெட் எழுபத்தைந்து ரூபாய். உத்தமபாளையத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் மாலை நாலு மணிக்குக் கலைவிழா. அதில் முன்னாள் எம்.எல்.ஏ. ஞானசுந்தரிக்கு, சமூகநீதிக்காக உழைத்தவர் என்று பாராட்டு. நண்பர் ஒருவர் நோட்டீசைப் போனில் அனுப்பியிருந்தார். பறையும் ஒயிலாட்டமும் நடக்கிற மேடையில் ஓர் அரசியல்வாதிக்கு என்ன வேலை என்ற கேள்விதான் என்னைக் கிளப்பியது.

தேனியில் பஸ் மாறினேன். உத்தமபாளையம் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். வீரபாண்டி, சின்னமனூர் தாண்டும்வரை தென்னையும் வாழையும் நெல்லும். அப்புறம் திராட்சைப் பந்தல்கள். மேற்கு மலை ஜன்னலை விட்டு விலகவே இல்லை. இறங்கிச் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் பெயர் செல்வம், விழா நடக்கும் ஊர்க்காரர்.

"விழாவுக்கா? எம்.எல்.ஏ. அக்கா காலையிலேயே வந்துட்டாக" என்றார்.

"உங்க ஊருக்கு அப்படி என்ன செஞ்சாங்க?"

"முன்னெல்லாம் எங்க காலனியில யாரும் செத்துப்போனா மெயின் தெரு வழியாத் தூக்கிட்டுப் போக விடமாட்டாக. வயலுக்குள்ள எறங்கித்தான் போகணும். மழை பேஞ்சா முழங்கால் சேறு. இருபது வருசத்துக்கு முந்தி அதை மாத்திவிட்டது அவுகதான்." நான் எழுதுகிறவன் என்று சொன்னேன். கொஞ்ச தூரம் போனபின் அவரே சொன்னார்: "எழுதுனா ஊர் பேரைப் போட்டுறாதீக. இப்ப தாயா புள்ளையா இருக்கோம்." அதனால் ஊர்ப் பெயர் இங்கே இல்லை.

மூன்றே முக்கால். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். ஞானசுந்தரி மேடையில் இல்லை. மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். கைத்தறிச் சேலை, தடித்த கண்ணாடி. முதலில் பறை. அது முடிந்தும் நெஞ்சுக்கூடு சற்று நேரம் அதிர்ந்துகொண்டிருந்தது. பிறகு கல்லூரி மாணவர்களின் நாடகம். ஞானசுந்தரியாக நடித்த பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வழிமறித்தவர்களைப் பார்த்து நாலு வசனம் பேசி, பாடையைத் தன் தோளில் தூக்கினார். ஒரே கைதட்டல்.

அறிவிப்பாளர் பொன்னாடையோடு ஞானசுந்தரியை மேடைக்கு அழைத்தார். அவர் எழுந்திருக்கவில்லை.

"ஜீப்பு வந்துருச்சாப்பா?"

"இன்னும் வரலக்கா."

"அப்ப அது அங்கனயே இருக்கட்டும்."

திகைத்துப்போன அறிவிப்பாளர் ஒயிலாட்டத்தைத் தொடங்கச் சொன்னார். எந்த ஜீப் என்று பக்கத்து நாற்காலி அம்மாவிடம் விசாரித்தேன். "ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பு. வெள்ளனவே பொம்பளையாள்களை ஏத்திக்கிட்டு கம்பம்மெட்டு வழியா கேரளாவுக்குப் போகும். பொழுது சாயத் திரும்பும்" என்றார். ஒரு எம்.எல்.ஏ. அதற்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை.

ஐந்து முப்பத்தைந்துக்கு ஜீப் வந்தது. தூக்குச்சட்டிகளோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள் இறங்கினார்கள். அவர்களில் மூக்கம்மாள் என்பவரைக் கண்டதும் ஞானசுந்தரி நேராக மைக்குக்குப் போனார்.

"நாடகத்துல நான் பாடையைத் தூக்குறேன். நான் தூக்கல. நான் இங்கன வந்தப்ப சாயங்காலம் மணி நாலு. காலையில பத்து மணியிலேருந்து பாடையை நடுத்தெருவுல எறக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தது மூக்கம்மா. பாடையில கெடந்தது அவ புருசன். டெலிபோன் பூத்துலேருந்து எனக்கு மூணு தடவை ஆள் விட்டுப் பேசச் சொல்லியிருக்கா. மொத ரெண்டு தடவையும், மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லுங்கன்னுட்டேன். மெயின் தெரு ஓட்டுப் போயிருமேன்னு பயம். இதை எந்த மேடையிலயும் நான் சொன்னதில்ல."

ஞானசுந்தரி மூக்கம்மாளை மேடைக்குக் கூப்பிட்டார். மூக்கம்மாள் வரமாட்டேன் என்று தலையாட்டினார். தோட்டத்துப் பெண்கள் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டார்கள்.

"என்னத்தச் சொல்ல?" என்றார் மைக்கைத் தொடாமல். "வயலோட போயிருவோம்னுதான் எல்லாரும் சொன்னாக. இந்தத் தெருவுக்குத் தாரு ஊத்துனதே அவருதான். சாக்கைச் சுத்திக்கிட்டு, கொதிக்கிற தாருல நின்ன காலு. அந்தக் காலு இதுல போகக்கூடாதுன்னா நான் எங்கன போறது? உக்காந்துட்டேன்." ஞானசுந்தரியைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா மூணாவது போனுக்காச்சும் வந்தாக. வராதவுக எத்தனையோ பேரு."

ஞானசுந்தரி கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். நடித்த பெண் மேடையோரம் வந்து, அந்தக் காட்சியை இன்னொரு முறை போடலாமா என்று கேட்டார். யாருடைய பதிலுக்கும் காத்திராமல் மூக்கம்மாளே, பாடை எந்தப் பக்கம் தலைவைத்துக் கிடந்தது என்று காட்டிக்கொடுத்தார்.

இந்தத் தடவை வசனம் இல்லை. அந்தப் பெண் பாடைக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். மறித்து நிற்க வந்த மாணவர்களுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த இரண்டு பெரியவர்கள் எழுந்து வெளியே போனார்கள். மற்றவர்கள் இருந்து பார்த்தார்கள். முடிந்ததும் ஞானசுந்தரி பொன்னாடையை வாங்கி மூக்கம்மாளுக்குப் போர்த்தினார். மூக்கம்மாள் அதை உடனே எடுத்து மடித்துத் தூக்குச்சட்டியோடு பைக்குள் வைத்தார். "தோட்டத்துக் குளிருக்கு ஆகும்."

ஆறரைக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் தேனிவரை, அங்கிருந்து ஆண்டிபட்டிக் கணவாய்வரை அந்த இரண்டு போன் அழைப்புகளையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒளித்து வைத்திருந்தால் என்னைப் போன்ற வெளியாருக்குத் தெரிந்திருக்காது.

மதுரையில் எங்கள் தெருவுக்குப் பதினெட்டு வருடமாக அமரர் ஊர்தி வந்துபோவதைப் பார்க்கிறேன். தெருவுக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பிலிருந்து ஓர் இறுதி ஊர்வலமும் எங்கள் வாசலைக் கடந்ததில்லை. இது வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பால் ஊற்றும் முருகேசன் அந்தக் குடியிருப்பில்தான் இருக்கிறார். திங்கட்கிழமை காலை அவரிடம் கேட்டேன்.

"வாய்க்கா கரை வழியாத்தான் சார். எப்பவுமே."

பால் ஊற்றியாகிவிட்டது. முருகேசன் சைக்கிளை எடுக்கவில்லை. அடுத்து நான் என்ன கேட்கப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.