வலம்புரிப் பிள்ளையார் எங்கள் வீட்டில் இருந்த பத்து நாள்

என் மகள் கோமதி 1999 ஜூலையில் பேசுவதை நிறுத்தினாள். அவளுக்கு அப்போது ஆறு வயது.

ஒரே நாளில் நின்றுவிடவில்லை. முதலில் பள்ளிக்கூடத்தில் நின்றது. பிறகு தெருவில், கடையில். ஆகஸ்ட் முடிவதற்குள் வீட்டிலும் நின்றுபோனது. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் காட்டுவாள். வயிறு வலித்தால் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொள்வாள். அழுகைகூடச் சத்தமில்லாமல்தான் வந்தது.

பிள்ளையாரைக் கும்பிடுகிற நான்கு பேரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. சந்தோஷத்தில் முன்பின்னாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் தள்ளிப்போட்டேன். நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

எங்களுக்குத் திருநெல்வேலி. நான் அங்கே ஒரு நாளிதழில் பத்து வருஷம் பிழை திருத்தினேன். கணவர் ஒரு மில்லில் சூப்பர்வைசர். மில்லை மூடினார்கள். புனாவில் இருக்கும் என் அண்ணன் போன் பண்ணி, "இங்க பக்கத்துல ரஞ்சன்காவ்ல புதுசா பேக்டரி வருது. மாப்பிள்ளையை அனுப்பு. நீயும் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வா. தனியா அங்கன இருந்து என்ன செய்யப்போற?" என்றான். மே மாதம் வந்தோம். வானவடியில் அண்ணன் வீட்டுக்கு எதிர்க் கட்டிடத்தில், இரண்டாவது மாடியில், வாடகைக்கு வீடு. இரண்டு வீட்டுச் சமையலறை ஜன்னலும் நேருக்கு நேர். நடுவில் ஸ்கூட்டர்கள் நிறுத்தும் இடம். மதினி அங்கே குக்கரைத் திறந்தால் இங்கே என்ன குழம்பு என்று தெரியும்.

சொந்தக்காரர்கள் பக்கத்தில். சம்பளம் உண்டு. வெயில் கிடையாது. சந்தோஷமாக இருக்க எல்லாம் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் முதல் வாரம், பெயரையும் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பதையும் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். கோமதி எழுந்து நின்று, தெரிந்த ஒரே மொழியில் விலாவாரியாகச் சொல்லியிருக்கிறாள். மில், மில்லை மூடியது, ரயில், எல்லாம். வகுப்பு முழுக்கச் சிரித்துவிட்டது. குழந்தைகள்தானே, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் இவள் வாயை மூடிக்கொண்டாள்.

டாக்டர் காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, பயம்தான், வற்புறுத்தாதீர்கள், காத்திருங்கள் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

வற்புறுத்தாமல் யாரால் இருக்க முடிந்தது? அண்ணன் சாக்லேட்டைக் காட்டி, "மாமான்னு சொல்லு, தாரேன்" என்பான். கணவர் போனை அவள் காதில் வைத்து, "ஆச்சிகிட்ட பேசு" என்பார். அண்ணன் மகள் திவ்யாவுக்குப் பத்து வயது, புனாவிலேயே பிறந்தவள். பாதித் தமிழ்தான் வரும். ஒருநாள் என்னிடம் வந்து, "அத்தை, கோமதி என் மேல கட்டியா?" என்று கேட்டாள். இங்கே குழந்தைகள் காய் விடுவதற்குக் கட்டி என்று பெயர். இல்லையம்மா, அவள் யாரோடும் பேசுவதில்லை என்றேன்.

கணவர் ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் போனால் இருட்டித்தான் வருவார். கோமதியைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் வீட்டில் நானும் மின்விசிறியும்தான். மராத்தி தெரியாது. ஹிந்தியில், கடையில் விலை கேட்க, "கித்னா" மட்டும் தெரியும். யார் கதவையும் நான் தட்டவில்லை, என் கதவையும் யாரும் தட்டவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை, ஊரிலிருந்து கொண்டுவந்த பிள்ளையார் படத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்து வாய்விட்டுக் கேட்டேன். "அப்பனே, பெரிய பேச்சு வேண்டாம். 'அம்மா'ன்னு ஒரு வார்த்தை. அது போதும். உனக்கு இருபத்தோரு விடலை போடுதேன்."

ஊரில் தேங்காயைத் தரையில் வீசி உடைப்பதை விடலை என்போம்.

இரண்டு வாரத்தில் சதுர்த்தி வந்தது. புனாவில் சதுர்த்தி என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெருவுக்குத் தெரு பந்தல், மேளம். பிள்ளையார் வாங்க நானும் கணவரும் கோமதியும் போனோம். வரிசை வரிசையாக நூறு பிள்ளையார். கோமதி என் கையை உதறிவிட்டு நடந்து போய் ஒன்றின் முன்னால் நின்றாள். விரலை நீட்டினாள். பார்த்தேன், உடம்பு சிலிர்த்துவிட்டது. தும்பிக்கை வலது பக்கம் வளைந்திருந்தது. வலம்புரி! நம் ஊரில் வலம்புரிப் பிள்ளையார் இருக்கிறார் என்றால் தேடிப் போய்க் கும்பிடுவோம். இங்கே என் மகள் விரல் நீட்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்!

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இதுதானா? நிச்சயமா?" என்று ஹிந்தியில், விரலால் காட்டிக் காட்டி, இரண்டு தரம் கேட்டார். விலையை ஏற்றப் பார்க்கிறார் என்று நினைத்து வேகமாகத் தலையை ஆட்டினேன். ஒரு காகிதக் குடையையும் வாங்கிச் சொருகி, முகம் தெரிய, ஸ்கூட்டரில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மற்றவர்கள் பிள்ளையார் முகத்தைத் துணியால் மூடி எடுத்துப் போவதைப் பார்த்தேன். தூசிக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

படியேறும்போது முதல் மாடி ஜோஷி காகு எதிரே வந்தார். அறுபது வயது இருக்கும், கட்டிடத்தில் எல்லோருக்கும் அவர் காகு, நம் ஊர்ச் சித்தி மாதிரி. பிள்ளையாரைப் பார்த்தார். கை வாய்க்குப் போனது. "அக பாயி! உஜவ்யா சோண்டேச்சா!"

திவ்யாவைக் கூப்பிட்டுத்தான் எனக்கு விளங்கியது. வலது தும்பிக்கைப் பிள்ளையாரை இந்த ஊரில் வீட்டில் வைக்கப் பயப்படுவார்கள். அவர் கறார்க்காரர். குளித்துவிட்டுத்தான் சமையல். அவருக்குக் காட்டாமல் ஒரு பருக்கை வாயில் போகக்கூடாது. இரண்டு வேளையும் ஆரத்தி. பத்து நாளும் அவரைத் தனியாக விட்டுவிட்டு வீட்டைப் பூட்டக்கூடாது. குறை வைத்தால் கோபம் வரும்.

ஏற்கெனவே பிள்ளைக்கு வாய் மூடிக் கிடக்கிறது. இதில் நானே போய் ஒரு கோபக்காரரை விலை கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன்.

அண்ணனும் மதினியும் ஓடி வந்தார்கள். "பதினஞ்சு வருஷமா இங்க இருக்கியே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று அண்ணனிடம் கத்தினேன்.

"நீ கேட்டியா? நீ பாட்டுக்குப் போய் வாங்கிட்டு வந்து நிக்க."

"அவுகளுக்கு எங்க தெரியும்?" என்றாள் மதினி. "பதினஞ்சு வருஷமும் பிள்ளையாரு வாங்கினது நானு. இவுக கொழுக்கட்டைக்கு மட்டும்தான் எந்திச்சி வருவாக."

திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றார் கணவர். கோமதி பிள்ளையாரின் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

காகு அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வந்துவிட்டார். இனி அனுப்பக்கூடாது. நீ ஒருத்தியால் முடியாது, எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்றார். மாடி மாடியாகப் போய்ச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து என் வீட்டுக் கதவு மூடவேயில்லை. கோமதியைப் பள்ளியில் விட நான் போனால் பிள்ளையாருக்குத் துணையாகக் காகு. மார்க்கெட்டுக்குப் போனால் மூன்றாவது மாடி ராணுவத்துக்காரர் மனைவி, கையில் கம்பளி நூலோடு. வெந்தயக் கீரையை என் கூடத்தில் உட்கார்ந்து ஆய்ந்தார்கள். மருமகளைப் பற்றிப் பேசினார்கள், என்னிடம் தலையாட்டல் வாங்கிக்கொண்டார்கள். நான்காம் நாள் யார் மருமகள் எப்படி என்று எனக்கே புரிய ஆரம்பித்தது! சாயங்காலம் ஆரத்திக்கு இருபது பேர் நின்றார்கள். மதினி ஜன்னலிலிருந்து, "ஏட்டி, எத்தனை டம்ளர் காப்பி?" என்று கேட்பாள். விரலில் காட்டுவேன், விரல் போதாது. நான்கு மாதமாக ஒரு செருப்புகூட இல்லாத என் வாசலில் செருப்பை மிதிக்காமல் உள்ளே வர முடியவில்லை.

காகு கோமதிக்கும் ஒரு வேலை கொடுத்தார். தினமும் இருபத்தோரு அறுகம்புல் எண்ணிக் கட்டு கட்ட வேண்டும். காகுவுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு மராத்தி தெரியாது. அதனால் இவளைப் பேசச் சொல்லாத ஒரே ஆள் காகுதான். ஜாடையிலேயே இருவருக்கும் எல்லாம் நடந்தது. புல் எண்ணும்போது கோமதியின் உதடு அசைந்ததை ஐந்தாம் நாள் பார்த்தேன். சத்தமில்லை. ஆனால் அசைந்தது. நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் வீட்டில். கொழுக்கட்டை அவித்துத் தட்டில் அடுக்கிச் சாமிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். காகு விளக்குக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்தார். கோமதி புல் கட்டோடு பக்கத்தில் நின்றாள். அண்ணன் அப்போதுதான் உள்ளே வந்தான். பசி போல. பழக்க தோஷம். போகிற போக்கில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டான்.

"மாமா! சாமிக்கு இன்னும் காட்டலை! துப்புங்க!"

காகுவின் கையில் நெய்க் கிண்ணம் சாய்ந்தபடி நின்றது. அண்ணனுக்கு விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கன்னம் உப்பி, கண்ணில் தண்ணீர் கோத்து, சிலை மாதிரி நின்றான்.

"துப்புங்கன்னா துப்புங்க! கோபம் வரும் அவருக்கு! காகு எத்தனை வாட்டி சொல்லியிருக்காங்க!"

அண்ணன் கையில் துப்பினான். துப்பிய கையோடு ஓவென்று அழுதான். என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். திவ்யா குதித்துக்கொண்டே, "போல்லீ! கோமதி பேசிட்டா!" என்று படிக்கட்டெல்லாம் கேட்கக் கத்தினாள். காகு மட்டும் ஒன்றும் புரியாமல், "என்ன சொன்னாள்? என்ன சொன்னாள்?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். திவ்யா சொன்னதும் காகு கோமதியின் கன்னத்தைத் தடவி விரல் நுனிகளைத் தன் நெற்றியில் மடக்கி நெட்டி முறித்தார். "பார்த்தாயா, கறார்க்காரரின் ஆள்!" என்றார்.

நான் கேட்டது "அம்மா." அவர் கொடுத்தது "துப்புங்க." எனக்குக் குறையே இல்லை.

அன்று சாயங்காலம் முழுக்க அவள் பேசினாள். ஏழு நாளாக யார் யார் என்னென்ன தப்பு செய்தார்கள் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தாள். முதல் ஆள் நான். கை கழுவாமல் கற்பூரத்தைத் தொட்டேனாம்.

பத்தாம் நாள் பிள்ளையாரைக் கால்வாய்க்குக் கொண்டுபோனோம். "கண்பதி பப்பா மோர்யா" என்று என் மகள் தொண்டை கட்டக் கத்தினாள். மறுநாள் கட்டிட வாசலில் இருபத்தோரு விடலை போட்டேன். தேங்காயைத் தரையில் வீசுவதைப் பார்த்துக் காகு பதறினார். சிதறிய சில்லுகளுக்கு இரண்டு பிள்ளைகளும் விழுந்து பிடித்ததைப் பார்த்த பிறகு, "எனக்கும் ஒன்று கொடு, நானும் போடுகிறேன்" என்றார்.

உள்ளதைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் அவள் உடனே பேசிவிடவில்லை. தீபாவளி விடுமுறை முடிந்துதான் பக்கத்துப் பெண்ணிடம் பென்சில் கேட்டாள். டாக்டரிடம் போனபோது, "வீடு கலகலப்பாக ஆனதும் பயம் போயிருக்கிறது. இது நடக்கிறதுதான்" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த வீட்டைக் கலகலப்பாக்கியது யார் என்று எனக்குத் தெரியும். நான் தெரியாமல் செய்த தப்பையே வழியாக்கிக்கொண்டு உள்ளே வந்தவர் அவர்.

அதன் பிறகு நான் மாறிவிட்டேன். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்து அழுவதில்லை. எழுந்து போய் ஒரு கதவையாவது தட்டுகிறேன். மராத்தி பேசுகிறேன், தப்புத் தப்பாக, உரக்க. காலையில் எதிர் ஜன்னலில் மதினியின் முகத்தைப் பார்ப்பதும், காகு படியேறி மூச்சு வாங்குவதும், கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் கணவர் டிபன் டப்பாவை மறந்து திரும்பி வருவதும் எனக்குக் கொண்டாட்டமாகவே இருக்கிறது. ஆறு வருஷமாகியும் அலுக்கவில்லை.

போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். நானும் கணவரும் போனோம். டீச்சர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "உங்கள் மகள் வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள். மூன்று மொழியில் பேசுகிறாள். இடம் மாற்றி உட்கார வைத்தால் அங்கேயும் பேசுகிறாள். வீட்டில் கண்டித்து வையுங்கள்" என்றார். கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க, ரொம்ப நன்றி" என்றேன். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை.

உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று வாய் திறக்காமல் கிடக்கலாம். பிள்ளையாரிடம் சொல்லுங்கள். எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டாலும் தப்பும் தவறுமாகக் கேளுங்கள், அவர் எடுத்துக்கொள்வார். கேட்டுவிட்டு வாசல் கதவைத் திறந்து வையுங்கள். எனக்குத் தெரிந்து அவர் தனியாக வருவதில்லை.