சிறுவாணித் தண்ணீரில் ஒரு குளம்

ஒரு முறுக்கு பாட்டிலைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு வாரம் முழுக்க, சோறு இறங்காமல். ஏழாம் வகுப்புப் பையன் பொறாமைப்பட உலகத்தில் எத்தனையோ இருக்க, எனக்கு அமைந்தது அதுதான்.

பாட்டில் என் பெரியப்பா மகனுடையது. அவன் என்னைவிட இரண்டு மாதம் மூத்தவன். அந்த இரண்டு மாதத்துக்காக ஆயுள் முழுக்க அவனை அண்ணா என்று கூப்பிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அவனும் விடாமல் என்னைக் கண்ணு என்பான். இருவரும் ஒரே வகுப்பு. என் அப்பாவுக்கு அவன் 'சாமி'. நான் 'டேய்'.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். எங்கள் வகுப்புக்கு விழுந்த தலைப்பு, குளம். ஆளுக்கொரு குளம் செய்து திங்கட்கிழமை ஆய்வகத்தில் வைத்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை பெற்றோர் பார்க்க வருவார்கள். அப்பா என் குளத்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். பரிசுகூட அதற்கப்புறம்தான்.

அம்மாவை அரித்து மீன் கடையில் கண்ணாடித் தொட்டி வாங்கினேன். ஆற்று மணலை ஏழு தடவை அலசி அடியில் பரப்பினேன். அழகுக்கு ஒரு பிளாஸ்டிக் வாத்து. தண்ணீர் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. விருந்தாளி வந்தால் காப்பிக்கு முன்னால் ஒரு சொம்பு சிறுவாணித் தண்ணீரைக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் எங்களுடையது. குழாயைத் திறந்து நேராக நிரப்பினேன். சிவப்பு வால் மீன் இரண்டை விட்டேன்.

அண்ணன் வீடு உக்கடத்தில், பெரியகுளத்துக் கரையோரம். அவன் டீக்கடையில் முறுக்கு போட்டு வைக்கிற பழைய கண்ணாடி பாட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கி, குளத்துச் சேற்றை நாலு விரல் உயரம் போட்டு, குளத்துத் தண்ணீரையே ஊற்றி, வேலம்பாசியும் நத்தையும் பொடிமீனும் விட்டிருந்தான். பார்க்கச் சாக்கடை மாதிரி இருந்தது.

"என்னண்ணா, இத்தனை அழுக்கா இருக்குது?"

"குளம்னா அப்படித்தான் கண்ணு இருக்கும். ஒரு நாள் பொறு, அடங்கீரும்."

அடங்கியது. செவ்வாய்க்கிழமை மதியம் பார்த்தால் அவன் தண்ணீர் தெளிந்து, வேலம்பாசி இலைகளில் காற்றுக் குமிழ்கள் முத்து முத்தாக ஒட்டியிருந்தன. என் மீன்களில் ஒன்று மல்லாந்து கிடந்தது.

சுற்றிலும் யாருமில்லை. செத்த மீனை டிபன் பாக்ஸ் மூடியில் அள்ளி அவன் பாட்டிலுக்குள் போட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் அது அழுகிவிடும், அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கம் வருவார் என்பது திட்டம். புதன்கிழமை இன்னொரு மீனும் செத்தது. அதையும் நான் வீணாக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அப்பா வந்தார். நேரே பாட்டிலிடம் போய், மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டார். அவர் மூக்கைப் பொத்தவில்லை.

"இதுகளுக்கு என்ன தீனி சாமி போடறே?"

"ஒண்ணும் போடறதில்லீங்க சித்தப்பா. மழைத்தண்ணி ஆத்துல வந்து பள்ளத்துல தேங்குதுங்க. கூடவே வண்டலும் வருது. அதுல பாசி மொளைக்குது. பாசிய நத்தையும் மீனும் திங்குது. இந்த வாரம் ரெண்டு மீனு செத்துக் கெடந்துச்சுங்க."

எனக்குக் காது சுட்டது.

"அதையும் நத்தை ஏறித் தின்னுபோட்டுதுங்க. மிச்சம் மக்கிப் பாசிக்கு எருவாயிரும். குளத்துல எதுவும் வீணாப் போறதில்லீங்க."

நடுவராக வந்த வாத்தியார் தலையை ஆட்டி ஆட்டி ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து குனிந்து பார்த்தார். வாத்து மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

"இதுல என்னப்பா இருக்குது?"

"சிறுவாணித் தண்ணிங்க சார்."

"அப்ப ஒரு டம்ளர் மோந்து குடு. தாகமா இருக்குது."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் என் குளத்துக்கு முன்னால் நின்றது அந்தச் சிரிப்பு முடியும்வரைதான்.

முதல் பரிசு முறுக்கு பாட்டிலுக்கு. அன்று சாயங்காலம் அண்ணன் பாட்டிலில் இருந்ததைப் பெரியகுளத்திலேயே விடப் போனான். நானும் கூடவே ஒட்டிக்கொண்டு போனேன். பாசத்தில் இல்லை, அவனுக்கு ஏதாவது தெரியுமா என்று வேவு பார்க்க.

குழாய்த் தண்ணீரில் கலக்கிற மருந்து மீனுக்கு ஆகாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஏழு தடவை அலசிய மணலில் ஒரு பூச்சி தின்னக்கூட எதுவும் மிஞ்சாது என்பதும் தெரியாது. அவன் பாட்டிலை நாறடிக்க நான் போட்டதையெல்லாம் அது தின்று செரித்துவிட்டது. பாட்டிலுக்கு மட்டுமல்ல, அதைச் செய்தவனுக்கும் அந்தச் செரிமானம் இருந்தது என்பது புரிய எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

நத்தைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டபடி, என் பக்கம் திரும்பாமலே அண்ணன் சொன்னான்:

"செவப்பு வாலு மீனு உங்கிட்ட மட்டுந்தான் கண்ணு இருந்துச்சு. அடுத்த வருசம் செத்தாலும் எங்கிட்டயே கொண்டா."